இசட்80 அசெம்பிளி, புத்தகத்தை வைத்து: 360 வர வேண்டிய இடத்தில் 104 வருகிறது

#1 – சனிவகுப்பு_சுங்கைசிப்புட்

வணக்கம். சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை காலை, படிவம் 3, படிவம் 4 பிள்ளைகள் ஆறு பேருக்கு அசெம்பிளி (செயலியின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் மொழி) வகுப்பு. கையில் இருப்பது: ஒரு 48கே ஸ்பெக்ட்ரம் (1980-களின் வீட்டுக் கணினி, செயலி இசட்80), அதே காலத்துக் கொமடோர் 64 ஒன்று (செயலி 6502 வகை), ரோட்னி சாக்ஸ் எழுதிய இசட்80 புத்தகம், ஸ்பெக்ட்ரமோடு வந்த பேசிக் மொழிக் கையேடு, அட்டை கழன்ற இங்கிலாந்துப் புத்தகங்கள் சில. மடிக்கணினி ஒன்றே ஒன்று.

பயிற்சிக்கு ரப்பர்த் தோட்டத்துக் கணக்கையே எடுத்தோம். பால் மரம் வெட்டும் 20 பேர் கொண்டுவந்த எடை, ஆளுக்கு ஒரு பைட், 33000-இல் தொடங்கி வரிசையாக இருக்கிறது. கூட்டிப் பேசிக்கிடம் திருப்பித் தர வேண்டும். சோதனைக்கு எல்லாருக்கும் 18 கிலோ போட்டோம். 360 வர வேண்டும்.

பிள்ளைகள் கட்டளைகளைக் கையால் எண்களாக மாற்றியது (எல்லாம் பதின்ம எண், தொடக்கம் 32768):

எல்டி எச்எல்,33000 → 33 232 128
எல்டி பி,20 → 6 20
எக்ஸ்ஓஆர் ஏ → 175
சுற்று: ஆட் ஏ,(எச்எல்) → 134
இன்க் எச்எல் → 35
டிஜேஎன்இசட் சுற்று → 16 252
எல்டி சி,ஏ → 79
எல்டி பி,0 → 6 0
ரெட் → 201

ஒரு குழுவுக்கு 104 வருகிறது. இன்னொரு குழுவுக்கு 18. மூன்றாவது குழுவுக்குத் திரை அழிந்து, மின்சாரம் போட்டதும் வரும் காப்புரிமை வரி வந்து நிற்கிறது. மூவரும் இதே பட்டியலைப் பார்த்துத்தான் அடித்தார்கள்.

இன்னொரு கேள்வி: இப்படிக் கையால் மாற்றும் வேலையை விட்டுவிட்டு இப்போதே அசெம்பிளருக்கு (கட்டளைகளைத் தானே எண்ணாக மாற்றும் மென்பொருளுக்கு) போகலாமா?

#2 – பழைய_இசட்

மூன்று குழுவுக்கும் மூன்று வேறு நோய். ஒரே மருந்து கொடுக்காதீர்கள்.

104 வந்தவர்கள் பட்டியலைப் பிசகாமல் அடித்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலுக்கு 104 தான் சரியான விடை. ஏ ரெஜிஸ்டர் (செயலிக்குள் எண்ணை வைக்கும் இடம்) 8 பிட், 255-க்கு மேல் பிடிக்காது. 360-இலிருந்து 256 போனால் 104. தாண்டிய 256 கேரி கொடியில் (விடை 255-ஐத் தாண்டியதைக் குறிக்கும் பிட்) ஒரு கணம் இருந்தது. அதை யாரும் எடுத்து வைக்கவில்லை, அடுத்த கூட்டலில் அழிந்தது.

18 வந்தவர்கள் 252 இருக்கும் இடத்தில் 254 போட்டிருப்பார்கள். டிஜேஎன்இசட் (பி-யை ஒன்று குறைத்து, 0 ஆகாதவரை தாவும்) கட்டளை இருக்கும் இடத்திலிருந்தே எண்ணினால் 2 பைட் பின்னால் என்று வரும், அதாவது 254. ஆனால் செயலி அந்தக் கட்டளையின் இரண்டு பைட்டையும் படித்து முடித்த பிறகுதான் தாவுகிறது. 254 என்றால் தன் தலையிலேயே வந்து விழும். முதல் ஆளின் எடையை ஒருமுறை கூட்டிவிட்டு, மீதி நேரமெல்லாம் அதே கட்டளையில் நின்று பி ரெஜிஸ்டரை 0 வரை குறைக்கும். விடை 18.

காப்புரிமை வரி வந்தவர்கள் கடைசி 201-ஐ விட்டிருப்பார்கள். அதற்குப் பின்னால் நினைவகம் பெரும்பாலும் 0. 0 என்பது ஒன்றும் செய்யாத கட்டளை. செயலி அப்படியே ஓடிப் போய், பெரும்பாலும் 65535-ஐத் தாண்டி 0-ஆம் முகவரிக்கு வந்துவிடும். அங்கேதான் ரோமின் (கணினிக்குள் நிரந்தரமாகப் பதிந்த நிரல்கள் உள்ள நினைவகம்) தொடக்க நிரல். அதனால் கணினி புதிதாக எழுந்த மாதிரி தெரியும்.

யாருக்காவது விடை 0 வந்தால் இரண்டு சந்தேகம். முகவரியை 128 232 என்று திருப்பிப் போட்டிருக்கலாம். அது 59520, அங்கே ஒன்றுமில்லை. அல்லது 79 விடுபட்டிருக்கலாம். யூஎஸ்ஆர் (பேசிக்கிலிருந்து நம் நிரலை அழைக்கும் சொல்) நம் நிரலுக்குள் நுழையும்போது பிசி ஜோடியில் (பி, சி ரெஜிஸ்டர்கள் சேர்ந்தது) அழைத்த முகவரியையே வைத்திருக்கும். 32768 என்றால் பி=128, சி=0. சி-யை நாம் தொடாவிட்டால் அந்த 0 அப்படியே திரும்பும்.

#3 – மெர்பாவ்

மேலே சொன்னதிலிருந்தே நல்ல முதல் பாடம் கிடைக்கிறது. 32768-இல் 201 மட்டும் போட்டு, பிரிண்ட் யூஎஸ்ஆர் 32768 கொடுங்கள். 32768 என்று அச்சாக வேண்டும். அச்சானால் கிளியர் (பேசிக் தொடாத இடத்தை ஒதுக்குவது) சரி, போக் (நினைவகத்தில் பைட்டைப் போடுவது) சரி, யூஎஸ்ஆர் சரி. ஒரு பைட்டில் மொத்தப் பாதையையும் சோதித்தாகிவிட்டது. இதைத் தாண்டாமல் அடுத்த நிரலுக்குப் போகவே வேண்டாம்.

ஸ்பெக்ட்ரமில் யூஎஸ்ஆரை எழுத்து எழுத்தாக அடிக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு பேசிக் சொல்லுக்கும் ஒரு விசை. யூஎஸ்ஆர் நீட்டிப்பு நிலையில் எல் விசையில் இருக்கிறது.

தாவலை எண்ண, கழித்தல் எதுவும் இல்லாத வழி: தாவல் கட்டளைக்கு அடுத்து வரும் பைட்டின் மேல் 0 என்று பென்சிலால் எழுதுங்கள். அங்கிருந்து பின்னோக்கி ஒவ்வொரு பைட் மேலும் 255, 254, 253, 252... போய்ச் சேர வேண்டிய பைட் மேல் என்ன எண் இருக்கிறதோ அதுதான். முன்னோக்கி என்றால் 1, 2, 3. பின்னால் 128 வரை, முன்னால் 127 வரை. அதற்கு மேல் போனால் ஜேபி (முழு முகவரியையும் கொடுத்துத் தாவும் கட்டளை).

#4 – பழைய_இசட்

கேரியை எடுத்து வைக்கும் நிரல் இது. கூட்டுத்தொகை டிஇ ஜோடியில்:

எல்டி எச்எல்,33000 → 33 232 128
எல்டி பி,20 → 6 20
எல்டி டிஇ,0 → 17 0 0
சுற்று: எல்டி ஏ,(எச்எல்) → 126
ஆட் ஏ,இ → 131
எல்டி இ,ஏ → 95
ஜேஆர் என்சி,தாண்டு → 48 1
இன்க் டி → 20
தாண்டு: இன்க் எச்எல் → 35
டிஜேஎன்இசட் சுற்று → 16 247
எல்டி பி,டி → 66
எல்டி சி,இ → 75
ரெட் → 201

20 பைட். எல்லா எண்ணையும் கூட்டினால் 1497.

கவனியுங்கள்: ஆட்-க்கும் ஜேஆர் என்சி-க்கும் (கேரி இல்லாவிட்டால் தாவும் கட்டளை) நடுவில் ஓர் எல்டி இருக்கிறது. இசட்80-இல் சாதாரண எல்டி கட்டளைகள் கொடிகளைத் தொடுவதில்லை, அதனால் ஆபத்தில்லை. புத்தகத்தில் ஒவ்வொரு கட்டளைக்கும் பக்கத்தில் கொடிப் பெட்டி இருக்கும். பிள்ளைகள் அதைத் தாண்டிப் போவார்கள். தாண்ட விடாதீர்கள். அந்தப் பெட்டியைப் படிக்கத் தெரிந்தவனுக்குப் பாதி அசெம்பிளி வந்துவிட்டது.

சோதனைக்கு எல்லாருக்கும் 18 வேண்டாம். மூன்று பேர் போதும்: 200, 100, 5. நிரலின் ஐந்தாவது பைட்டை 3 ஆக்குங்கள். தாளில் நெடுவரிசை போட்டு ஓட்டச் சொல்லுங்கள்: பி, ஏ, டி, இ, கேரி. முதல் சுற்றில் இ=200, கேரி இல்லை. இரண்டாவதில் 300, அதாவது இ=44, கேரி உண்டு, டி=1. மூன்றாவதில் இ=49. 256-உம் 49-உம் 305. தாளில் 305 வராமல் இயந்திரத்தின் பக்கம் போகக் கூடாது.

#5 – ஈப்போ_6502

சும்மா கேட்கிறேன், கூட்டுத்தொகை 65535-ஐத் தாண்டினால்?

#6 – பழைய_இசட்

தாண்டாது. பி ஒரு பைட், டிஜேஎன்இசட் ஒரே சுற்றில் 256 முறைக்கு மேல் போகாது. 256 பேர், ஆளுக்கு 255 கிலோ என்றாலும் 65280 தான். உண்மையான ஆபத்து மறுபக்கம். பிரட்டுக்கு (தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்பு) ஒருவரும் வராத நாளில் பி=0 என்று கொடுத்தால், முதல் டிஜேஎன்இசட்டே அதை 255 ஆக்கிவிடும்; 256 பைட்டைக் கூட்டி ஏதோ ஒரு எண்ணைத் தரும். எண்ணிக்கை வெளியிலிருந்து வரும் நிரலில் சுற்றுக்கு முன்னால் 0 தானா என்று பார்த்துத்தான் நுழைய வேண்டும்.

#7 – மெர்பாவ்

ஏற்றுவதற்கான பேசிக் நிரலில் கூட்டுச் சோதனை இருக்கட்டும். பழைய புத்தகங்களின் அச்சிலும் நகலிலும் 8-உம் 3-உம் குழம்பும், 1 மறைந்துபோகும்.

10 கிளியர் 32767
20 லெட் எம்=32768: லெட் எஸ்=0
30 ரீட் என்: இஃப் என்>255 தென் கோ டு 60
40 போக் எம்,என்: லெட் எம்=எம்+1: லெட் எஸ்=எஸ்+என்
50 கோ டு 30
60 இஃப் எஸ்<>1497 தென் பிரிண்ட் "தவறு ";எஸ்: ஸ்டாப்
70 ஃபார் ஐ=33000 டு 33019: போக் ஐ,18: நெக்ஸ்ட் ஐ
80 பிரிண்ட் யூஎஸ்ஆர் 32768
90 டேட்டா 33,232,128,6,20,17,0,0,126,131,95,48,1,20,35,16,247,66,75,201,999

கிளியர் முதல் வரியில்தான் இருக்க வேண்டும். அது மாறிகளை எல்லாம் அழித்துவிடும், 20-க்குப் பிறகு வந்தால் எம் காணாமல் போகும். கிளியர் இல்லாமலே ஓடுகிறதே என்று சிலர் விட்டுவிடுவார்கள். பேசிக் நிரல் வளர்ந்து மேலே வரும் நாளில் அது மாட்டும்.

ஓட்டும் முன் சேவ். கூட்டுச் சோதனை இரண்டு எண் இடம் மாறியதைக் கண்டுபிடிக்காது, மொத்தம் மாறாதே. இயந்திரம் தொங்கினால் ஸ்பெக்ட்ரமில் மின்சாரத்தைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை, அடித்தது அத்தனையும் போய்விடும். பிரேக் விசையைப் பார்ப்பது பேசிக்கின் வேலை. நம் நிரல் சுழன்றுகொண்டிருக்கும்போது அதை யாரும் பார்ப்பதில்லை.

#8 – ஈப்போ_6502

இதற்காகத்தான் கொமடோரில் தொடங்கலாம் என்கிறேன். ரன்/ஸ்டாப்பையும் ரீஸ்டோரையும் சேர்த்து அடித்தால் பெரும்பாலும் மீண்டு வரும். ரெஜிஸ்டர் ஏ, எக்ஸ், ஒய் மூன்றுதான். 49152-இலிருந்து 4 கே இடம் பேசிக் தொடாமல் சும்மா கிடக்கிறது, கிளியர் எதுவும் வேண்டாம். அதே கணக்கு, எடைகள் 49408-இல் தொடங்குகின்றன:

எல்டிஏ #0 → 169 0
எஸ்டிஏ 251 → 133 251
எஸ்டிஏ 252 → 133 252
எல்டிஎக்ஸ் #0 → 162 0
சுற்று: சிஎல்சி → 24
எல்டிஏ 49408,எக்ஸ் → 189 0 193
ஏடிசி 251 → 101 251
எஸ்டிஏ 251 → 133 251
பிசிசி தாண்டு → 144 2
இன்க் 252 → 230 252
தாண்டு: ஐஎன்எக்ஸ் → 232
சிபிஎக்ஸ் #20 → 224 20
பிஎன்இ சுற்று → 208 239
ஆர்டிஎஸ் → 96

26 பைட், கூட்டு 3889. எஸ்ஒய்எஸ் 49152 (கொமடோர் பேசிக்கில் நிரலை அழைக்கும் சொல்) கொடுத்துவிட்டு பிரிண்ட் பீக்(251)+256*பீக்(252). 251 முதல் 254 வரை உள்ள நான்கு பைட்டும் நினைவகத்தின் முதல் பக்கத்தில் (முகவரி 0 முதல் 255 வரை) நமக்கென்று தாராளமாக எடுத்துக்கொள்ளக் கூடியவை.

சிஎல்சி-யை (கேரியை 0 ஆக்கும் கட்டளை) மறக்கக் கூடாது. 6502-இல் கேரி இல்லாத கூட்டல் கட்டளையே கிடையாது.

#9 – பழைய_இசட்

நிரல் சுத்தம். ஆனால் சிஎல்சி பற்றி நீங்கள் சொன்னதை இந்த நிரலை வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட முடியாது, தம்பி. சிஎல்சி-யை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் 360 தான் வரும்.

காரணம் சிபிஎக்ஸ். எக்ஸ் 20-ஐவிடச் சிறியதாக இருக்கும்வரை அந்த ஒப்பீடே கேரியை 0 ஆக்கிவிடுகிறது. ஆக ஒவ்வொரு சுற்றும் கேரி இல்லாமல்தான் தொடங்குகிறது. முதல் சுற்று மட்டும் எஸ்ஒய்எஸ் கொண்டுவரும் கேரியோடு போகும். அது 783-ஆம் முகவரியில் இருப்பதைப் பொறுத்தது. போக் 783,1 என்று போட்டுவிட்டு ஓட்டினால் 361 வரும்.

தற்செயலாகச் சரியாக ஓடும் நிரல்தான் கற்பிக்க மிக மோசமானது. எக்ஸ்-ஐ 20-இலிருந்து டிஇஎக்ஸ் கொண்டு கீழே எண்ணும்படி மாற்றி எழுதினால் சிபிஎக்ஸ் போய்விடும். எடைகளையும் பெரிதாக்கி நடுவில் கேரி பிறக்கும்படி செய்யுங்கள். அப்போது சிஎல்சி இல்லாத குறை தானாகத் தெரியும்.

#10 – ஈப்போ_6502

சரி அண்ணே, ஒத்துக்கொள்கிறேன். போக் 783 தந்திரத்தை அப்படியே பாடமாக்கிவிடலாம்.

இரண்டு இயந்திரமும் இருக்கும் வகுப்புக்கு ஒரு எச்சரிக்கை. 6502-இல் எல்டிஏ, எல்டிஎக்ஸ் எல்லாம் பூஜ்யக் கொடியை மாற்றும். இசட்80-இல் மாற்றாது. ஒன்றில் பழகிய கை மற்றதில் கட்டாயம் மாட்டும். கழித்தலிலும் அப்படியே. இசட்80-இல் கடன் வாங்கினால் கேரி 1, 6502-இல் 0. அதனால்தான் எஸ்பிசி-க்கு (கழித்தல்) முன்னால் எஸ்இசி (கேரியை 1 ஆக்குவது).

#11 – மெர்பாவ்

அதனால் ஆறு மாதத்துக்கு ஒரே செயலி என்பது என் கட்சி. எது என்பதில் எனக்குச் சண்டையில்லை. கையில் எதற்கு முழுப் புத்தகம் இருக்கிறதோ அது. இங்கே சாக்ஸ் இருக்கிறது, எனவே இசட்80.

இசட்80-இல் புதியவர்கள் விழும் இன்னொரு குழி 16 பிட் எண்ணிக்கை. டெக் பிசி எந்தக் கொடியையும் தொடாது. டெக் பிசி போட்டு உடனே ஜேஆர் என்இசட் போட்டால், பழைய கொடியைப் பார்த்து ஒன்று உடனே வெளியே வரும், இல்லை வெளியே வரவே வராது. சரியான வடிவம்:

டெக் பிசி → 11
எல்டி ஏ,பி → 120
ஓஆர் சி → 177
ஜேஆர் என்இசட் → 32 251

ஒரு சுற்றுக்கு 6+4+4+12, மொத்தம் 26 கடிகாரத் துடிப்பு. ஸ்பெக்ட்ரம் 3.5 மெகாஹெர்ட்ஸ். பிசி=50000 என்றால் 13 லட்சம் துடிப்பு, ஏறக்குறைய 0.37 வினாடி. பிள்ளைகளைக் கணக்குப் போட்டு முதலில் சொல்லச் சொல்லுங்கள். ஒரு சுற்று கண்ணுக்குத் தெரியாது. இந்தத் துண்டை வெளியே இன்னொரு சுற்றுக்குள் 20 முறை ஓட்டினால் 7.4 வினாடி, கைக்கடிகாரத்திலேயே பார்க்கலாம். வெளிச்சுற்றுக்கு டி ரெஜிஸ்டரை வைத்துக்கொள்ளுங்கள், பி உள்ளே வேலையில் இருக்கிறது.

இந்த நேரக் கணக்கு 32768-க்கு மேலே இருக்கும் நிரலுக்குத்தான். 16384 முதல் 32767 வரையுள்ள நினைவகத்தைத் திரை வரையும் யூஎல்ஏ சில்லும் படிக்கிறது. அங்கே நிரலை வைத்தால் செயலி அடிக்கடி காத்திருக்கும். 16கே ஸ்பெக்ட்ரமுக்கு எழுதிய புத்தகங்கள் நிரலைக் கீழேதான் வைக்கும். கையேடே தன் உதாரணத்தை 32500-இல் வைத்திருக்கிறது.

#12 – சனிவகுப்பு_சுங்கைசிப்புட்

எல்லாருக்கும் நன்றி. 254 பிரச்சினை நீங்கள் சொன்னபடியே இருந்தது. மற்றப் புத்தகங்களைப் பற்றியும் சொல்லுங்களேன். ஒன்று அம்ஸ்ட்ராட் சிபிசி-க்கு, ஒன்று எம்எஸ்எக்ஸ்-க்கு, ஒன்று இசட்எக்ஸ்81-க்கு. எல்லாம் இசட்80 தானே, பயன்படுத்தலாமா?

#13 – பழைய_இசட்

செயலி ஒன்று, ரோம் வேறு. ஒரு பட்டியலைப் பார்த்ததும் கால், ஆர்எஸ்டி, அவுட், இன் இந்த நான்கையும் பென்சிலால் வட்டமிடுங்கள் (முதல் இரண்டும் வேறு நிரலை அழைப்பவை, மற்ற இரண்டும் போர்ட் வழியாக வெளிச் சில்லுகளோடு பேசுபவை). வட்டம் இல்லாத பகுதி அப்படியே ஓடும், முகவரியைத் தவிர. வட்டம் உள்ளது பெரும்பாலும் அந்தந்த இயந்திரத்துக்கே உரியது.

ஏ-யில் இருக்கும் எழுத்தைத் திரையில் போட, ஸ்பெக்ட்ரமில் ஆர்எஸ்டி 16. அதற்கு முன் எல்டி ஏ,2 கால் 5633 என்று மேல்திரையைத் திறந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் எழுத்து கீழ்வரியில் போய் உடனே அழியலாம். எம்எஸ்எக்ஸில் கால் 162. அம்ஸ்ட்ராடில் கால் 47962. இசட்எக்ஸ்81-இலும் ஆர்எஸ்டி 16 தான், ஆனால் எழுத்துக் குறியீடே வேறு: ஆங்கில முதலெழுத்துக்கு 65 கிடையாது, 38.

ஸ்பெக்ட்ரமில் சின்னச் சோதனை: 62 2 205 1 22 62 65 215 201. ஒன்பது பைட், ஓர் எழுத்து அச்சாகும்.

திரை நினைவகத்தைத் தொடும் பட்டியல்களை வேறு இயந்திரத்திலிருந்து கொண்டுவரவே வேண்டாம். ஸ்பெக்ட்ரமில் திரை 16384-இல் தொடங்கி 6144 பைட், அதன்பின் 768 பைட் நிறம். எம்எஸ்எக்ஸில் திரை நினைவகம் செயலியின் முகவரிக்குள்ளேயே இல்லை, 152, 153 போர்ட் வழியாகத்தான் போக வேண்டும்.

ஸ்பெக்ட்ரம் கையேட்டைக் குறைவாக எண்ணாதீர்கள். 26-ஆம் அத்தியாயம் இயந்திர மொழிக்கானது. பின்னிணைப்பு ஏ-யில் எழுத்துக் குறியீட்டுப் பட்டியலோடு ஒவ்வொரு எண்ணுக்கும் நேரான இசட்80 கட்டளையும் இருக்கிறது. சாக்ஸ் பதினறும எண்ணில் தருவதை அதில் பதின்மமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு தாளில் நகல் எடுத்துப் பிள்ளைக்கு ஒன்று கொடுங்கள்.

#14 – ஈப்போ_6502

சிறுவர்களுக்கு உஸ்போர்ன் பதிப்பகத்தின் 1980-களின் கணினிப் புத்தகங்கள் நன்றாக இருக்கும். 2016-இல் பதிப்பகமே இலவசமாக இணையத்தில் போட்டது. படங்களோடு இருக்கும்; இயந்திர மொழிப் புத்தகத்தில் இசட்80-உம் 6502-உம் பக்கத்தில் பக்கத்தில்.

6502 புத்தகங்களுக்கு அச்சிடும் முகவரிகள்: கொமடோர் 65490, பிபிசி மைக்ரோ 65518, ஆப்பிள் II 65005. ஆப்பிளில் எழுத்துக் குறியீட்டோடு 128-ஐக் கூட்ட வேண்டும், 65-க்குப் பதில் 193.

#15 – தைப்பிங்_அக்கா

மென்பொருளில் எல்லாரும் மூழ்கியிருக்கிறீர்கள், மின்சாரத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

இங்கிலாந்து இயந்திரத்துக்கு நம் ஊர் சுவர் பிளக் அப்படியே பொருந்தும், வோல்டேஜும் சரி. ஆபத்து அடாப்டரில். ஸ்பெக்ட்ரமுக்கு 9 வோல்ட் டிசி, 1.4 ஆம்பியர், நடு முனை எதிர்மின். இப்போது கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான அடாப்டருக்கு நடு முனை நேர்மின். குத்தினால் உள்ளே பொருந்தும், இயந்திரம் கெடும். மல்டிமீட்டரில் பார்க்காமல் சொருகக் கூடாது.

கொமடோர் 64-இன் கறுப்புப் பெட்டி 5 வோல்ட் டிசி-யும் 9 வோல்ட் ஏசி-யும் தரும். பழசாகும்போது 5 வோல்ட் குறைந்து போவதில்லை, ஏறும். ஏறினால் முதலில் போவது ரேம் சில்லுகள். பிள்ளைகள் "நிரல் சரியாத்தான் இருக்கு, ஒவ்வொரு தடவையும் வேற வேற விடை வருது" என்றால் நிரலைத் திரும்பத் திரும்பத் தேடாமல் அந்த 5 வோல்ட்டை அளங்கள்.

டிவியில் யூஎச்எஃப் சேனல் 36 பக்கம் தேடுங்கள். சாயங்கால இடிக்கு முன்னால் சுவர் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கேசட்டில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் அதை ஓட்டவே கூடாது, ரெக்கார்டரின் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டையும் கெடுக்கும்.

#16 – சனிவகுப்பு_சுங்கைசிப்புட்

நன்றி அக்கா, எங்கள் அடாப்டரை இன்றே அளந்து பார்க்கிறோம். அசெம்பிளர் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லையே?

#17 – மெர்பாவ்

30 பைட் வரை கையால். அதற்கு மேல் அசெம்பிளர். நடுவில் ஒரு கட்டளையைச் சேர்த்தால் எத்தனை தாவல் எண் மாறுகிறது என்பதைப் பிள்ளைகள் இரண்டு மூன்று முறை அழித்து அழித்து எழுதிப் பார்த்திருக்க வேண்டும். லேபிள் (தாவும் இடத்துக்கு வைக்கும் பெயர்) எதற்கு என்று பிறகு விளக்கவே தேவையிருக்காது.

மடிக்கணினியில் பாஸ்மோ என்ற அசெம்பிளர் போதும். பேசிக் ஏற்றியோடு சேர்த்தே கேசட் கோப்பைச் செய்து தரும். ஃபியூஸ் எமுலேட்டரில் (மடிக்கணினியை ஸ்பெக்ட்ரம் போல நடக்க வைக்கும் மென்பொருள்) ஏற்றி, ஒரு கட்டளை ஒரு கட்டளையாக நிறுத்தி ரெஜிஸ்டர்களைப் பார்க்கலாம். தாளில் போட்ட நெடுவரிசையும் அதுவும் ஒத்துப்போகிறதா என்று ஒரு பிள்ளை வாசிக்க, மற்றவர்கள் சரிபார்க்கட்டும். ஒரு மடிக்கணினிக்கு அதுதான் சரியான வேலை.

#18 – பழைய_இசட்

எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. எமுலேட்டரின் ஒற்றைப்படி ஓட்டம் கிடைத்த மறுநாள் தாள் மேசையை விட்டுப் போய்விடும். பிழை வந்ததும் யோசிக்காமல் படி படியாக ஓட்டிப் பார்ப்பார்கள். பிழை எங்கே என்று முதலில் எழுதிக் கொடுத்தவர்களுக்கு மட்டும் எமுலேட்டர் என்று வையுங்கள்.

#19 – மெர்பாவ்

அந்த விதி எனக்கும் சம்மதம்.

#20 – சனிவகுப்பு_சுங்கைசிப்புட்

20 பைட் நிரல் மூன்று குழுவுக்கும் ஓடிவிட்டது, 305-உம் 360-உம் வந்தன. ஒரு பிள்ளை, பேசிக்கின் பிரிண்ட் இல்லாமல் நிரலே எண்ணை அச்சிட வேண்டும் என்று, கடைசி 201-ஐ எடுத்துவிட்டுப் பின்வருவதைச் சேர்த்தாள்: எல்டி ஏ,2, கால் 5633, கால் 11563, கால் 11747, ரெட். ஏதோ எண் அச்சாகிறது, ஆனால் 360 இல்லை. அந்த இரண்டு முகவரியும் ஒரு பழைய புத்தகத்தில் இருந்தவை.

#21 – பழைய_இசட்

முகவரிகள் சரி. 11563 பிசி-யில் இருப்பதைக் கணக்கு அடுக்கில் ஏற்றும், 11747 அங்கிருந்து எடுத்து அச்சிடும். நடுவில் 5633 பிசி-யை மிதித்துவிடுகிறது. ரோமில் எதைக் கூப்பிட்டாலும், அது எந்த ரெஜிஸ்டரைக் கெடுக்கும் என்று தெரியாவிட்டால் எல்லாவற்றையும் கெடுக்கும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஐஒய் ரெஜிஸ்டரை மட்டும் நீங்கள் கெடுக்கக் கூடாது. ரோம் அதில் 23610 இருக்கும் என்று நம்பியே ஓடுகிறது.

புஷ் பிசி → 197
எல்டி ஏ,2 → 62 2
கால் 5633 → 205 1 22
பாப் பிசி → 193
கால் 11563 → 205 43 45
கால் 11747 → 205 227 45
ரெட் → 201

இப்போது மொத்தம் 33 பைட், கூட்டு 2949. 60-ஆம் வரியில் அந்த எண்ணை மாற்றுங்கள், 80-இல் பிரிண்டுக்குப் பதில் ரேண்டமைஸ் யூஎஸ்ஆர் 32768.

புஷ் பிசி-யைச் செயலியின் அடுக்கில் வைக்கும், பாப் திருப்பி எடுக்கும்; ரெட் திரும்பும் முகவரியும் அதே அடுக்கில்தான். பாப்-ஐ மறந்தால் ரெட் எடுக்கும் முகவரி 360 ஆகிவிடும். ரோமின் நடுவில் போய் விழும், அதன்பின் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. ஓட்டும் முன் சேவ் பண்ணச் சொல்லுங்கள்.

#22 – சனிவகுப்பு_சுங்கைசிப்புட்

360 அச்சானது. 33 பைட் ஆகிவிட்டதால் இனிமேல் பாஸ்மோ வேண்டுமாம், மெர்பாவ் சொன்ன கணக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.